வேலிக்குள் பள்ளிக்கூடம்

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாமா என்பது, அண்மைக்காலம் வரை கொழும்பில் வசதியோடு வாழும் சிலரின் கேள்வியாகவே எமக்குத் தோன்றியது. இன்று அது வன்னியின் காணி வேலிகளுக்குள்ளும் எழுந்திருக்கிறது. மீள்குடியேறி, பற்றைக்காடு வெட்டி, கிணறு இறைத்து, நெல்லும் கச்சானும் பப்பாசியும் செய்து தலைநிமிர்ந்த குடும்பங்கள் சிலவற்றில் தாயும் தகப்பனும் ஓரளவு படித்தவர்கள். "எழுத்தையும் கணக்கையும் நாங்கள் சொல்லிக்கொடுப்போம். ஓதலை உம்மா பார்த்துக்கொள்வா. மிச்சத்தைக் காணி படிப்பிக்கும். பாடசாலை எதற்கு, சேர்?" என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்.

இதற்கு எம்மிடம் ஆயத்தமாக இருக்கும் பதில் ஒன்றுதான். பிள்ளை தனித்துப்போகும், ஆட்களோடு பழகத் தெரியாமல் வளரும் என்பதே அது. பெற்றோர் கூட்டங்களில் இதைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. ஆனால் அந்தத் தகப்பன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். மூத்தம்மா, பெரிய வாப்பா, சாச்சாவின் பிள்ளைகள், களை பிடுங்க வரும் பெண்கள், உழவு மெசின்காரர், நெல் வாங்க வரும் வியாபாரி என்று எண்ணிவிட்டு, "உங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வாய் பொத்தி இருக்கிறார்கள். என் மகன் ஒரு நாளில் பத்துப் பேரோடு கதைக்கிறான்" என்றார். இலேசாகத் தட்டிவிடக்கூடிய வாதம் அல்ல அது. பழகும் வாய்ப்பு என்று நாம் சொல்வது எதனை? தலைகளின் எண்ணிக்கையையா, வேறொன்றையா? இதைத் தெளிவுபடுத்தாமல் அந்தத் தகப்பனுக்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் கமத்துக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்றால் இரண்டரை ஏக்கருக்கு எத்தனை என்ற கணக்கை, வரம்பில் நின்று செய்யும் பிள்ளை மறக்காது. குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து இம்முறை சிறுபோகம் எவ்வளவு செய்யலாம் என்று பெரியவர்கள் கதைப்பதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குச் சுற்றாடற் கல்வியைத் தனியே புகட்ட வேண்டியதில்லை. பாடசாலையோ ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் இருத்தி ஒரே திசையைப் பார்க்கச் செய்கிறது. உலகில் வேறெங்கும் மனிதர் அப்படி வாழ்வதில்லை. பத்து வயதுச் சிறுவன் அறுபது வயதுக் கமக்காரரிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறுவது இயல்பான மனித உறவு. அதைப் பாடசாலை கொடுப்பதில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கலாசாலைகளில் கல்வித் தத்துவம் கற்றவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமில்' என்ற நூலில் ஒரு பிள்ளையை நகரத்தின் கெடுதிகளிலிருந்து பிரித்து நாட்டுப்புறத்தில் ஓர் ஆசானோடு வளர விட்டார். பரீட்சைக்காக அதை மனனம் செய்த நாம், ரூசோ தன் சொந்தப் பிள்ளைகள் ஐவரையும் அநாதை விடுதியில் ஒப்படைத்தவர் என்பதையும் சேர்த்தே படித்தோம். ஏட்டில் வளரும் பிள்ளை எப்போதும் சொல்வழி கேட்கும்.

எமது மரபில் இதைவிட ஆழமான ஒரு பிள்ளை உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த வைத்தியரும் தத்துவஞானியுமான இப்னு துபைல் எழுதிய 'ஹய் இப்னு யக்ழான்' என்ற கதையின் நாயகன் அவன். மனிதர் இல்லாத தீவொன்றில் மான் ஒன்று அவனைப் பாலூட்டி வளர்க்கிறது. அந்த மான் இறந்தபோது அதன் உடலை ஆராய்ந்து உயிர் எதுவென்று தேடுகிறான். அங்கிருந்து நெருப்பு, விலங்கு, வானம், கோள்கள் என்று படிப்படியாக ஏறி, படைத்தவன் ஒருவன் உண்டென்ற முடிவுக்குத் தன் அறிவினாலேயே வந்து சேருகிறான். இந்நூல் 1671இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவியபோது அதற்கு இடப்பட்ட பெயரின் பொருளே தானே கற்ற ஞானி என்பதுதான்.

பலரும் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பின்னும் கதை இருக்கிறது. அப்ஸால் என்பவன் தனிமை நாடி அத்தீவுக்கு வருகிறான். ஹய் அவனிடம் மொழி கற்கிறான். பின்பு இருவரும் மனிதர் வாழும் தீவுக்குச் செல்கிறார்கள். தான் கண்டடைந்த உண்மையை மக்களுக்குச் சொல்ல ஹய் முயல்கிறான். அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மக்களின் இயல்பு இவ்வளவுதான் என்று முடிவு செய்து, அவர்கள் தம் வழக்கப்படியே இருக்கட்டும் என்று விட்டு, அவன் தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான். அறிவைத் தனியே அடைய முடியும் என்பதற்கு இக்கதை சான்றென்பார்கள். நான் அதில் இன்னொன்றையும் காண்கிறேன். வானத்தின் சுழற்சியைத் தனியே கண்டுபிடித்தவனால், தன்னோடு ஒத்துப்போகாத மனிதரோடு அடுத்த நாளும் இருப்பது எப்படி என்பதைத் தனியே கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு மனிதர் வேண்டும். அதுவும் சிறுவயதிலேயே வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் குழந்தைப் பருவத்தையும் சிலர் கிராம வளர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டுவதுண்டு. மக்காவில் பிறந்த குழந்தையைப் பாலைவனத்தின் தூய காற்றிலும் தூய மொழியிலும் வளர ஹலீமா நாயகியிடம் ஒப்படைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே நடந்தது வீட்டில் வைத்து வளர்த்தல் அல்ல. சொந்த வீட்டிலிருந்து எடுத்து, பனூ ஸஅத் என்ற வேறொரு கோத்திரத்தின் கூடாரத்தில், வேறொரு தாயின் பிள்ளைகளோடு வளரவிட்டார்கள். குறைஷியர் தம் பிள்ளைகளுக்குச் செய்தது வேலி கட்டியதல்ல, வேலி தாண்டி அனுப்பியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தனித்திருத்தலுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, அதன் நன்மைகளையும் மக்களோடு கலந்திருப்பதன் நன்மைகளையும் இரண்டு தட்டிலும் வைத்து நிறுக்கிறார்கள். கற்றலும் கற்பித்தலும் அவர்களின் நிறுவையில் கலந்திருத்தலின் தட்டிலேயே விழுகின்றன.

இனி அந்தத் தகப்பனின் விரல்களுக்கு வருவோம். அவர் எண்ணிய பத்துப் பேரில் ஐந்து பேர் உறவினர். அவர்கள் பிள்ளையை நேசிப்பவர்கள். அவன் ஒன்றை உடைத்தால் எங்கள் பிள்ளைதானே என்று மன்னிப்பார்கள். மிச்சம் ஐந்து பேரும் அவரிடம் கூலிக்கோ வியாபாரத்துக்கோ வருபவர்கள். களை பிடுங்கும் பெண் சின்ன முதலாளியோடு சிரித்துக் கதைப்பாள். அவன் பிழை செய்தால் கண்டிக்கமாட்டாள். அவன் விளையாட்டில் ஏமாற்றினால் தோற்றுக்கொடுப்பாள். பின்னேரம் அவளுக்குக் கூலி வேண்டும். ஆக, அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது அப்பிள்ளையை நோக்கி "இல்லை" என்று சொல்லக்கூடியவரா என்பதே கேள்வி.

வகுப்பறையில் ஒரு வாங்கில் மூன்று பிள்ளைகள். பக்கத்தில் இருப்பவனைப் பிள்ளையும் தெரியவில்லை, தகப்பனும் தெரியவில்லை. அவனுக்கு இவனை நேசிக்க வேண்டிய கடமை இல்லை; பயப்பட வேண்டிய தேவையும் இல்லை. தண்ணீர்ப் பைப்படியில் இவன் முண்டினால் அவன் தள்ளுவான். அழிறப்பரை எடுத்தால் திருப்பிக் கேட்பான். சண்டை பிடித்த மறுநாளும் அதே வாங்கில் அவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நீதி என்ற சொல்லைப் பிள்ளை உடம்பால் கற்கும் இடம் அதுதான். பழகும் வாய்ப்பு என்று நாம் சொல்ல வேண்டியது இதனையே: தானும் பெற்றோரும் தெரிவு செய்யாத மனிதரோடு, அவரும் தனக்குச் சமம் என்ற நிலையில் இருக்கும் வாய்ப்பு.

2020 மார்ச்சில் கொவிட் நோயினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டு, இடையிடையே திறந்து மறுபடி மூடப்பட்டபோது, ஒவ்வொரு வீடும் விரும்பியோ விரும்பாமலோ பள்ளிக்கூடமாயிற்று. 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி, 200க்குக் குறைந்த மாணவர் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டன. எமது கிராமப் பாடசாலைகள் பல அத்தகையவை. திரும்பி வந்த பிள்ளைகளில் வாசிப்பில் பின்தங்கியோர் இருந்தனர். அதைச் சில மாதங்களில் ஈடு செய்ய முடிந்தது. ஆனால் தன் முறை வரும்வரை காத்திருப்பது, விளையாட்டில் தோற்பது, கோபித்துவிட்டு மறுபடி கதைப்பது ஆகியவற்றை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் அன்புக்குக் குறைவிருக்கவில்லை. சமமான ஒருவன்தான் இருக்கவில்லை.

கமத்தில் நடந்த கல்விக்கு வரலாற்றில் நல்லதோர் உதாரணம் தென்னாபிரிக்காவில் இருந்தது. 1910இல் ஜொஹன்னஸ்பேர்க்குக்கு அருகே, கலென்பாக் என்ற கட்டடக்கலைஞர் கொடுத்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி டோல்ஸ்டோய் பண்ணையைத் தொடங்கினார். சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டோரின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களுள் தமிழர் பலர். பிள்ளைகள் பண்ணையில் வேலை செய்தார்கள். எஞ்சிய நேரத்தில் காந்தியும் கலென்பாக்கும் ஆசிரியர்களானார்கள். தனக்குத் தெரிந்த அளவு தமிழையும் உருதுவையும் காந்தியே படிப்பித்தார். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒன்றாக வாழ்ந்தார்கள். ரமழானில் முஸ்லிம் சிறுவர்கள் நோன்பு பிடிக்க, மற்றவர்களும் சேர்ந்து நோன்பிருந்து, நோன்பு துறக்கும் வேளையில் அவர்களுக்கு உணவு பரிமாறினார்கள். கமத்தின் வேலிக்குள்ளேயே வேற்றவரும் சமமாக இருந்தபடியால் அது பள்ளிக்கூடமாயிற்று. வவுனியாவில் 1970களின் பிற்பகுதியில் இயங்கிய காந்தீயம் அமைப்பும், 1977 வன்செயலால் இடம்பெயர்ந்த மலையக மக்களை வன்னி நிலங்களில் குடியேற்றியபோது பாலர் பாடசாலைகளையும் கூடவே அமைத்தது. 1983இல் அம்முயற்சி நசுக்கப்பட்டது வேறு கதை.

ஆனால் டோல்ஸ்டோய் பண்ணைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முறையான பாடசாலைக் கல்வி தனக்கு மறுக்கப்பட்டது என்ற மனக்குறையோடு காந்தியின் மூத்த மகன் ஹரிலால் 1911இல் தகப்பனைப் பிரிந்து இந்தியா சென்றார். மகன்மாரின் குறையில் ஓரளவு நியாயம் உண்டென்பதைக் காந்தியே தன் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். தகப்பனின் கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் செலவைக் கொடுப்பது பிள்ளை.

இக்கேள்வி நீதிமன்றங்களையும் எட்டியிருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் அமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கமக்காரர் சிலர், எட்டாம் வகுப்புக்குப் பின் தம் பிள்ளைகளை உயர்தரப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தார்கள். கமமும் சமூகமுமே போதிய கல்வி என்றார்கள். ஆளுக்கு 5 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, 1972இல் பெற்றோரின் பக்கம் தீர்ப்பாயிற்று. நீதியரசர் டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டார். பெற்றோரின் சமய உரிமையைப் பேசுகிறோம், பிள்ளை வேறு வாழ்வை விரும்பினால் என்ன செய்வது, அவர்களைக் கேட்க வேண்டாமா என்பது அவரது நியாயம். மறுமுனையில் ஜேர்மனி பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. வீட்டில் படிப்பிக்க உரிமை கோரிய ஒரு பெற்றோரின் முறைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது. பல வகை மனிதரும் ஒன்றாக வளர வேண்டும், பிரிந்து வாழும் சமூகங்கள் உருவாகக்கூடாது என்ற அந்நாட்டின் வாதத்தை அது நியாயமானதாகக் கண்டது.

இலங்கையில் 1997இல் வெளியிடப்பட்ட கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் வரவை வலியுறுத்தின. 2016இல் வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. எமது பகுதியில் இதற்கு வேறோர் அர்த்தம் உண்டு. அறுவடை நாட்களில் வரவு இடாப்பைப் புரட்டினால் யார் யாருடைய வயல் வெட்டு நடக்கிறது என்று சொல்லிவிடலாம். கொள்கைக்காகப் பிள்ளையை மறிப்பவரும், யானைக்குக் காவல் இருக்க ஆளில்லாமல் மறிப்பவரும் இடாப்பில் ஒரே குறியைத்தான் பெறுகிறார்கள். வசதியுள்ளவர் செய்தால் இல்லக்கல்வி, ஏழை செய்தால் இடைவிலகல் என்று நாம் பெயரிடுவது நியாயமல்ல. இருவரிடமும் கேட்க வேண்டியது ஒன்றே: பிள்ளை காணியில் கற்கிறதா, காணிக்காக உழைக்கிறதா?

இதுவரை சொன்னதைக் கொண்டு பாடசாலையே வென்றது என்று ஆசிரியர்கள் மகிழ்ந்துவிடக்கூடாது. தெரிவு செய்யாத மனிதரோடு சமமாக இருக்கும் இடமே பாடசாலை என்றால், எமது பாடசாலைகள் அந்த இலக்கணத்துக்குள் வருகின்றனவா? வவுனியா நகரில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். ஒரே வீதியில் வரும் பிள்ளைகள் வெவ்வேறு வாயில்களுக்குள் பிரிந்து போகிறார்கள். சிங்களப் பிள்ளைகளைப் பிரிப்பதற்கு மொழி என்ற காரணமாவது உண்டு. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே மொழியில், ஒரே பாடநூலைப் படித்து, ஒரே பரீட்சையை எழுதுகிறார்கள். ஆயினும் பெரும்பாலும் ஒரே வாங்கில் இருப்பதில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனி அடையாளமும் நோன்பு விடுமுறையும் கிடைத்ததால் எமது பெண்பிள்ளைகள் உட்படப் பலர் கல்வியில் முன்னேறினார்கள் என்பதை மறுப்பவன் நன்றி கெட்டவன். அதே நேரம், சமூகம் முழுவதற்கும் பெரிதாக ஒரு வீட்டைக் கட்டி அதற்குள் எல்லோரும் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிறோம் என்பதும் மறுக்க முடியாதது. தமிழ்ப் பாடசாலைகளுக்கும் சிங்களப் பாடசாலைகளுக்கும் இது பொருந்தும்.

பிரிந்து வளர்வதன் விளைவு எமக்கு ஏட்டுச் செய்தி அல்ல. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்தும் வவுனியாவின் ஒரு பகுதியிலிருந்தும் 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எமது பிள்ளைகள் புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தார்கள். அதே காலத்தில் வன்னியில் தமிழ்ப் பிள்ளைகள் குண்டுவீச்சின் கீழும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களின் கூடாரங்களிலும் படித்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரு தரப்பிலும் ஒரு முழுத் தலைமுறை மற்றவரின் முகத்தைப் பாராமல் வளர்ந்தது. மீண்டு வந்தபோது முதியவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தார்கள். இளைஞர்கள் காணி எல்லையைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். அவர்களுக்கிடையே பகை இருந்ததென்று சொல்லமாட்டேன். பகைப்பதற்கும் சற்றுப் பழக்கம் வேண்டும்.

அந்த முதியவர்கள் பழகிய இடம் எது என்று விசாரித்துப் பார்த்தேன். அநேகர் சொன்னது வகுப்பறையை அல்ல; வயலை. மேல் மடையும் கீழ் மடையுமாக அயல் வயல் செய்தவர்கள், மாடு மாறி உழுதவர்கள், சூடடிப்பில் சேர்ந்து நின்றவர்கள். வாய்க்காலில் தண்ணீர் இனம் பார்த்து ஓடுவதில்லை. மேல்மடைக்காரன் மறித்தால் கீழ்மடைக்காரன் கேட்பான். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இருவரும் ஒரே தரையில் இருந்து முறை பிரிப்பார்கள். தெரிவு செய்யாத, சமமான, "இல்லை" என்று சொல்லக்கூடிய மனிதன் அங்கே இருந்தான். அந்தத் தலைமுறைக்குப் பாடசாலை கொடுக்கத் தவறியதைக் கமம் கொடுத்திருக்கிறது.

ஆகவே அந்தத் தகப்பனுக்கு என் பதில், பாடசாலையே உயர்ந்தது என்பதல்ல. உங்கள் வேலிக்குள் நீங்கள் அழைக்காத பிள்ளை யார் வருகிறது? கூலியாளின் மகனும் உங்கள் மகனும் ஒரே பாயில் இருந்து படிப்பார்களா? பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு மகனைக் கூட்டிப்போய் அடுத்த ஊரவரின் நியாயத்தையும் கேட்கவைப்பீர்களா? பதின்மூன்று வயதில் அவன் பாடசாலைக்குப் போகவேண்டும் என்று கேட்டால் விடுவீர்களா? மகளும் அதையே கேட்டால்? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால் உங்கள் காணி பள்ளிக்கூடம்தான். முடியாவிட்டால், பிள்ளை எத்தனை பேரோடு கதைத்தாலும் அது உங்கள் குரலின் எதிரொலியையே கேட்டு வளர்கிறது. சட்டம் கேட்கும் வரவு வேறு விடயம். அதற்கு நீங்கள் தனியே பதில் சொல்லவேண்டும்.

இதே கேள்விகளை அதிபர்களும் ஆசிரியர்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாடசாலைகளை ஒரே நாளில் ஒன்றாக்க எம்மால் முடியாது. ஒன்றாக்கினால் இழப்பதும் உண்டு. ஆனால் ஒரே குளத்தின் கீழ் இருக்கும் இரண்டு பாடசாலைகள் விளையாட்டுப் போட்டியை ஒன்றாக நடத்த அமைச்சரின் அனுமதி வேண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போகும் நாளை இரண்டு அதிபர்களும் ஒரே நாளாக வைத்துக்கொள்ளலாம். அணிகளைப் பாடசாலை வாரியாகப் பிரிக்காமல் கலந்து பிரிக்கலாம். அன்று இரு தரப்புப் பிள்ளைகளும் சண்டை பிடித்தால் ஆசிரியர்கள் அவசரப்பட்டு விலக்கக்கூடாது. அவர்கள் பழகத் தொடங்கிவிட்டார்கள்.